ஃப்ரூட் பௌலுக்கு ஃபால் மசாலா: பொடிய மேல தூவாதீங்க, காய்ச்சி ஆறவச்சு ஊத்துங்க

அமெரிக்கா வந்து முதல் ஃபால் சீசன், அதாவது இலையுதிர் காலம், பாக்கப் போறவங்களுக்காக இத எழுதுறேன். ஆபீஸ்ல பாட்லக்னு, ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வந்து சேந்து சாப்பிடுற விருந்துக்கு, ஒரு ஷீட் வரும், அதுல சிக்கன், கேசரோல், பைங்கிற பேக்கரிப் பலகாரம்னு எல்லாரும் பேர் போட்டுடுவாங்க, கடைசியா மிச்சம் இருக்குற ஃப்ரூட் சாலட்டுல நம்ம பேர நாம போட்டுடுவோம், பழம் வெட்டிக் கொண்டு போறதுல என்ன கஷ்டம்னு. நானும் நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருஷம் அப்படித்தான் போட்டேன். சீசனுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னு கடையில பம்ப்கின் பை ஸ்பைஸ்னு ஒரு சின்ன டப்பா வாங்கி, முந்தின நாள் ராத்திரியே ஆப்பிள், வாழைப்பழம், திராட்சை எல்லாம் வெட்டி, மேல ரெண்டு டீஸ்பூன் பொடியத் தூவி, சர்க்கரையும் போட்டு கிளறி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். மறுநாள் மதியம் மூடியத் திறந்தா அடியில ரெண்டு விரல் உயரத்துக்கு சேறு கலர்ல தண்ணி, வாழைப்பழத்துல பொடி கட்டி கட்டியா ஒட்டியிருக்கு, ஆப்பிள் துண்ட எடுத்தா வெண்டைக்காய் மாதிரி வழுவழுன்னு நூல் விடுது. போன பாத்திரம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. அன்னைக்கு மனசு ரொம்ப வாடிப் போச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஃபாலும் பண்ணிப் பாத்து ஒரு முறைக்கு வந்திருக்கேன். விஷயம் ஒண்ணுதான். மசாலாவோட வாசனை சூட்டுலதான் நல்லா வெளிய வரும், குளிர்ந்த பழத்து மேல பொடியா போட்டா வராது. அதனால வாசனைய முதல்ல சூட்டுல ஒரு பாகுல இறக்கி, வடிகட்டி, அத குளிரவச்சு பழத்துல சேக்கணும். கீழ இருக்குறது 8ல இருந்து 10 பேருக்கு வர்ற அளவு.

1. வெட்டுறதுக்கு முன்னாடி, கேட்டு எழுதி வைக்க வேண்டியது

இத கடைசியா வச்சுக்கிட்டா மாட்டிக்குவீங்க, அதான் முதல்லயே சொல்றேன். பிள்ளைங்க ஸ்கூலுக்குன்னா டீச்சருக்கு ஒரு ஈமெயில் போட்டு வீட்டுல செஞ்சது கொண்டு வரலாமான்னு கேளுங்க. பல ஸ்கூல்ல கடையில வாங்கின, சீல் பிரிக்காத, லேபிள் இருக்குற சாப்பாட்டத்தான் கிளாஸுக்குள்ள விடுவாங்க. விடியக்காலம் எழுந்து மாதுளை உரிச்சுக் கொண்டு போய் வாசல்லயே திருப்பி அனுப்பினா தாங்காது.

ஆபீஸுக்குன்னா ஒரு சின்ன அட்டையில என்னென்ன போட்டிருக்குன்னு எழுதி பௌல் பக்கத்துல வைக்கணும். அமெரிக்கச் சட்டப்படி பெரிய அலர்ஜி லிஸ்ட்ல 9 இருக்கு: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, பாதாம் வால்நட் மாதிரி மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள்ளு 2023ல இருந்துதான் இதுல சேந்துச்சு, அதனால எள்ளு தூவுற பழக்கம் இருந்தா அதையும் எழுதணும். என் அட்டையில இருக்குறது இவ்வளவுதான்: "ஆப்பிள், பேரிக்காய், பெர்சிமன், திராட்சை, மாதுளை, காஞ்ச கிரான்பெர்ரி. ஆப்பிள் சைடர், பிரவுன் சுகர், பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ், இஞ்சி, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை. பால் இல்ல. நட்ஸ் தனி கிண்ணத்துல." அங்க படிக்கிறவங்களுக்காக ஆங்கிலத்துல எழுதிக்கோங்க, கையெழுத்து பெருசா இருக்கட்டும்.

வெனிலா எக்ஸ்ட்ராக்ட் ஊத்துறதா இருந்தா அதையும் கட்டாயம் எழுதுங்க, அதுல குறைஞ்சது 35 சதவீதம் ஆல்கஹால், சிலர் தொடமாட்டாங்க. தேன் ஊத்தினா ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு குடுக்கக்கூடாது, யாராவது கைக்குழந்தையோட வருவாங்க, அதனால நான் தேன் பக்கமே போறதில்ல. கிரேப்ஃப்ரூட்டும் வேணாம், கொலஸ்ட்ராலுக்கும் பிரஷருக்கும் எடுக்குற சில மாத்திரையோட அது ஒத்துப் போகாது, யார் என்ன மாத்திரை எடுக்குறாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல.

2. மசாலா வாங்குறது

பம்ப்கின் பை ஸ்பைஸ்னு விக்கிறதுல பூசணிக்காய் கிடையாது. பூசணிக்காய் பைக்குப் போடுற மசாலான்னுதான் அந்தப் பேரு, உள்ள இருக்குறது பட்டை, இஞ்சி, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ் இல்லன்னா கிராம்பு. ஆப்பிள் பை ஸ்பைஸ்னு இன்னொன்னும் இருக்கும், அதுல பட்டை தூக்கலா இருக்கும், சிலதுல ஏலக்காயும் சேரும். நமக்கு இது ரெண்டுமே வேணாம், எல்லாத்தையும் முழுசா வாங்குங்க. பொடிதான் என் முதல் பௌல கெடுத்துச்சு. பட்டைத்தூள் தண்ணிய இழுத்து வழுவழுப்பா ஆயிடும், அது பொடியோட குணம், எவ்வளவு நல்லா கிளறினாலும் போகாது.

பாதி இந்தியன் ஸ்டோர்லயே கிடைக்கும், விலையும் அங்கதான் கம்மி. பட்டைய பொறுத்தவரை இங்க சினமன்னு விக்கிறது பெரும்பாலும் கேஸியாதான், நம்ம பிரியாணிக்குப் போடுற தடிப் பட்டையும் அந்த வகைதான். சிலோன் பட்டை மெல்லிசா சுருட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், வாசனையும் மெல்லிசு. இந்த ஊர்க்காரங்க ஃபால் வாசனைன்னு மனசுல வச்சிருக்குறது கேஸியாவோட காரமான வாசனைதான், அதனால இந்த வேலைக்கு தடிப் பட்டையே சரி. வீட்டுல பட்டைத்தூள் தினமும் பயன்படுத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை: 2024ல எஃப்டிஏ, அதாவது இங்க சாப்பாடு, மருந்தையெல்லாம் கண்காணிக்குற அரசு அமைப்பு, சில பிராண்ட் பட்டைத்தூள்ல ஈயம் அதிகமா இருக்குன்னு எச்சரிக்கை குடுத்துச்சு, அந்த லிஸ்ட் அவங்க சைட்லயே இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க, முக்கியமா சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடு.

ஆல்ஸ்பைஸ்னு பேரப் பாத்துட்டு எல்லா மசாலாவும் கலந்த பொடின்னு நெனச்சு, அதுக்குப் பதிலா கரம் மசாலா போட்டுடாதீங்க. எங்க ஃப்ளாட்ல புதுசா வந்த ஒரு தம்பி அப்படிப் போட்டுட்டு, பழத்துல மல்லியும் சீரகமும் மணக்குது, என்ன பண்றதுக்கான்னு போன் பண்ணான், கழுவுறதத் தவிர ஒண்ணும் பண்ண முடியல. ஆல்ஸ்பைஸ் ஒரே ஒரு மரத்தோட காஞ்ச காய், ஜமைக்கா பக்கத்துப் பொருள், பாக்க பெரிய மிளகு மாதிரி இருக்கும், வாசனை கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேந்த மாதிரி இருக்குறதாலதான் அந்தப் பேரு. இந்தியன் ஸ்டோர்ல இல்லன்னா சூப்பர் மார்க்கெட்ல ஸ்பைஸ் வரிசையில இருக்கும். கிடைக்கலன்னா கிராம்ப ஒண்ணு கூட்டி, பட்டைய கொஞ்சம் கூட்டி சமாளிக்கலாம்.

ஏலக்காய் போடலாமா? நமக்கு கை தானா அங்க போகும், பழமும் ஏலக்காயும் சேந்தாலே பழனி பஞ்சாமிர்தம் ஞாபகம் வந்துடும். ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டா அழகா இருக்கும், அதுக்கு மேல போனா ஃபால் வாசனை போய் பாயாச வாசனை வந்துடும். அன்னாசிப்பூ வேணாம், ஒரு பூ போட்டாலே மத்த எல்லாத்தையும் அமுக்கிடும்.

3. சைடர் வாங்கும்போது மாட்டிக்காதீங்க

பாகுக்கு தண்ணிக்குப் பதிலா ஆப்பிள் சைடர் ஊத்துறேன், ருசியில பெரிய வித்தியாசம் தெரியும். கடையில இதே பேர்ல மூணு இருக்கும். வெறும் ஆப்பிள் சைடர்ங்கிறது வடிகட்டாத கலங்கலான ஆப்பிள் ஜூஸ், ஃபால்ல பிளாஸ்டிக் கேன்ல குளிர்ப்பெட்டியில இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். ஆப்பிள் சைடர் வினிகர்ங்கிறது புளிக்கவச்ச வினிகர், எண்ணெய் வரிசை பக்கம் பாட்டில்ல இருக்கும். ஹார்ட் சைடர்னா மது. ஃபார்ம்ல வாங்கினா லேபிள்ல பாஸ்ச்சரைஸ்டுன்னு, அதாவது கிருமி சாகுற அளவுக்கு சூடு பண்ணினதுன்னு, இருக்கான்னு பாருங்க, காய்ச்சாத ஜூஸுக்கு எச்சரிக்கை லேபிள் ஒட்டணும்னு இங்க விதி இருக்கு, கர்ப்பமா இருக்குறவங்களும் சின்னப் பிள்ளைங்களும் அத அப்படியே குடிக்கக்கூடாது.

4. பழம் எது, எப்போ வாங்கணும்

வாழைப்பழம், தர்பூசணி, ஸ்ட்ராபெர்ரி மூணையும் இந்த பௌல்ல இருந்து எடுத்துடுங்க. ஒண்ணு கறுக்கும், ஒண்ணு தண்ணி விடும், ஒண்ணு கொழகொழன்னு ஆயிடும், அதோட மசாலா வாசனையோட சேரவும் சேராது. செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் இங்க சந்தைக்கு வர்ற பழமே இதுக்குன்னு இருக்கு.

ஆப்பிள் 3. கோர்ட்லேண்ட் கிடைச்சா விடாதீங்க, வெட்டினா சீக்கிரம் கறுக்காது, காஸ்மிக் க்ரிஸ்ப்பும் அப்படித்தான். ஹனிக்ரிஸ்ப் கடிக்க நல்லா மொறுமொறுன்னு இருக்கும், விலை ஜாஸ்தி. ரெட் டெலிஷியஸ் வேணாம், பாக்க அழகா இருக்கும், உள்ள பெரும்பாலும் மாவு மாதிரிதான்.

பேரிக்காய் 2. இதுல டைமிங் ரொம்ப முக்கியம், கடையில பெரும்பாலும் கல்லு மாதிரித்தான் இருக்கும், நாலஞ்சு நாள் முன்னாடியே வாங்கி வெளிய வைக்கணும். பழுத்துச்சான்னு வயித்துப் பக்கம் அமுக்கிப் பாக்கக்கூடாது, காம்புக்குக் கீழ கழுத்துல கட்டைவிரலால லேசா அழுத்தணும், அங்க கொஞ்சம் அமுங்கினா உள்ள சரியா இருக்கு, வயிறு அமுங்குற வரைக்கும் விட்டா நடுவுல அழுகியிருக்கும். அமுங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. போஸ்க்னு மண் கலர்ல நீளக் கழுத்தோட ஒரு வகை வரும், கெட்டியா நிக்கும், அதான் நான் வாங்குறது.

பெர்சிமன் 2. தக்காளி மாதிரி தட்டையா இருக்குறது ஃபுயு, கெட்டியா இருக்கும்போதே ஆப்பிள் மாதிரி வெட்டிச் சாப்பிடலாம். அடியில கூரா இருக்குறது ஹச்சியா, அது ஜெல்லி மாதிரி குழையுற வரைக்கும் துவர்க்கும், ஒரு துண்டு வாயில வச்சா நாக்கு பஞ்சு சுத்தின மாதிரி ஆயிடும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே வச்சிருப்பாங்க, பாத்து எடுங்க.

விதையில்லாத சிவப்பு திராட்சை ரெண்டு கப், மாதுளை 1, காஞ்ச கிரான்பெர்ரி அரை கப். பச்சை கிரான்பெர்ரிய அப்படியே போட்டா புளிப்பும் துவர்ப்புமா இருக்கும். ஆனா நியூ ஜெர்சியிலயே விளையுற பழம், போடாம விடவும் மனசில்ல, அதனால ஒரு கைப்பிடிய பாகு காயும்போது கடைசி ரெண்டு நிமிஷம் போட்டு, பட்டுன்னு தோல் வெடிச்சதும் எடுத்துடுவேன், சிவப்பு சிவப்பா பௌலுக்கே ஒரு களை வந்துடும்.

தயிரோ க்ரீமோ தொட்டுக்க வைக்கிறதா இருந்தா அன்னாசி, கிவி, பப்பாளி பக்கம் போகாதீங்க, அதுல இருக்குற என்சைம் பால் புரதத்த உடைச்சு கொஞ்ச நேரத்துல கசப்பாக்கிடும்.

5. பாகு: முந்தின நாள் சாயங்காலம்

ஒன்றரை கப் சைடர், மூணு டேபிள்ஸ்பூன் பிரவுன் சுகர், மூணு இஞ்ச் பட்டை ஒண்ணு, கிராம்பு 3, ஆல்ஸ்பைஸ் 5, இஞ்சி மெல்லிசா வட்டமா வெட்டினது 4, ஆரஞ்சுத் தோல் நீளமா சீவினது ரெண்டு துண்டு, ஒரு சிட்டிகை உப்பு. ஆரஞ்சுத் தோல் சீவும்போது உள்ள இருக்குற வெள்ளை வரக்கூடாது, அது கசக்கும், காய்ச்சக் காய்ச்ச இன்னும் கசக்கும். பிரவுன் சுகருக்குப் பதிலா மேப்பிள் சிரப் ஊத்தலாம், நாட்டுச் சர்க்கரையும் நல்லா ஒத்துப் போகுது.

பட்டையையும் ஆல்ஸ்பைஸையும் லேசா தட்டிக்கோங்க. வெறும் சட்டியில மசாலாவ மட்டும் சின்னத் தீயில ஒரு நிமிஷம் சூடு பண்ணி, வாசனை மூக்குல ஏறும்போது சைடர ஊத்துங்க. கொதி வர்றப்போ பக்கத்துலயே நில்லுங்க, பால் மாதிரி நுரை கட்டிப் பொங்கும். அப்புறம் தீயக் குறைச்சு 15ல இருந்து 20 நிமிஷம், பாதியா வத்தணும். கரண்டியோட பின்பக்கம் மெல்லிசா ஒட்டினா போதும், கம்பிப் பதமெல்லாம் வேணாம், ஃப்ரிட்ஜ்ல வச்சா இன்னும் கெட்டியாகும்.

அடுப்ப அணைச்சு மூடி 20 நிமிஷம். அதுக்கு மேல வேணாம், கிராம்பு அதுல கிடக்கக் கிடக்க பல் டாக்டர் கிளினிக் வாசனை வந்துடும், அங்கயும் அதே கிராம்பெண்ணெய்ல இருக்குற யூஜினால்தான். உடனே மெல்லிசான வடிகட்டியில வடிச்சு, சூடு இருக்கும்போதே ஜாதிக்காய ரெண்டு உரசு உரசுங்க, வாசனை நிக்கும். ரெண்டே உரசு. ஜாதிக்காய் டீஸ்பூன் கணக்குல உள்ள போனா தலைசுத்தல், வாந்தி வரும், இதுல கை தாராளம் கூடாது. நல்லா ஆறினதும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மூடி ஃப்ரிட்ஜ்ல.

சூட்டுல ருசி பாத்து முடிவு பண்ணாதீங்க. குளிர்ச்சியில இனிப்பும் வாசனையும் நாக்குக்கு மங்கித் தெரியும், அதனால சூடா இருக்கும்போது ஒரு படி தூக்கலா இருந்தாத்தான் ஜில்லுன்னு சாப்பிடும்போது சரியா இருக்கும். மறுநாள் காலையில ஒரு துண்டு ஆப்பிள அதுல முக்கிச் சாப்பிட்டுப் பாருங்க, குறைஞ்சா இன்னொரு உரசு ஜாதிக்காய், இல்லன்னா கொஞ்சம் எலுமிச்சை.

6. வெட்டுறது, கலக்குறது: அன்னைக்குக் காலையில

ஆப்பிளையும் பேரிக்காயையும் வெட்ட வெட்ட உப்புத் தண்ணியில போடுங்க, ஒரு கப் குளிர்ந்த தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, 10 நிமிஷம், அப்புறம் நல்ல தண்ணியில ஒரு அலசு. சில மணி நேரத்துக்குக் கறுக்காது, உப்பும் தெரியாது. எலுமிச்சைச் சாறுல முக்குறத விட இது நல்லா வேலை செய்யுது, அதுல முக்கினா எல்லாப் பழமும் ஒரே புளிப்பாயிடும்.

அலசினதும் துணியில பரப்பி ஈரம் போகத் துடைக்கணும். இத நான் ரெண்டு வருஷம் செய்யாம விட்டேன், ராத்திரி பூரா பாத்துப் பாத்து காய்ச்சின பாகு ஈரத்துல கரைஞ்சு வெறும் இனிப்புத் தண்ணியா நின்னுச்சு. மாதுளைய தண்ணிக்குள்ள முக்கி உதிருங்க, முத்து கீழ போகும், வெள்ளைத் தோல் மேல மிதக்கும், சட்டையிலயும் கறை படாது.

பாகையும் பழத்தையும் தனித்தனியா குளிரவச்சு, பரிமாறுறதுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடிதான் கலக்கணும். சர்க்கரை பட்டதும் பழம் தண்ணி விட ஆரம்பிச்சுடும், ராத்திரியே கலந்தா என் முதல் பௌல் கதைதான். முதல்ல முக்கால்வாசி பாகு ஊத்திக் கலந்து, மிச்சத்த பாட்டில்லயே வச்சு, தேவைப்பட்டா கடைசியில ஊத்துங்க. மாதுளையும் கிரான்பெர்ரியும் மேலாக்க. வறுத்த பெக்கானோ வால்நட்டோ தனிக் கிண்ணம், தனி ஸ்பூன்.

7. எடுத்துட்டுப் போறதும் வெளிய வைக்கிறதும்

வெட்டின பழத்த ஃப்ரிட்ஜுக்கு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாதுன்னுதான் இங்க சொல்றாங்க, 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வெயில் அடிச்சா ஒரு மணி நேரம்தான். காருல போற நேரமும் அந்தக் கணக்குல சேரும். ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல பாட்லக் அன்னைக்கு இடம் இருக்காது, ஒரு கூலர் பையில ஐஸ் பேக் போட்டு பழத்தையும் பாகு பாட்டிலையும் தனித்தனியா எடுத்துட்டுப் போங்க. அங்க போய் பெரிய ட்ரேல ஐஸ் கொட்டி அதுமேல பௌல வச்சா ஜில்லுனு இருக்கும், மசாலா வாசனையோட அந்தக் குளிர்ச்சிதான் ருசியே.

8. செலவு

இந்த முறையில முதல் தடவை பண்ணப்போ எனக்குக் கிட்டத்தட்ட 35 டாலர் ஆச்சு, பாதிக்குப் பாதி மசாலா டப்பாவுக்கே போச்சு, எல்லாத்தையும் சூப்பர் மார்க்கெட்ல சின்னக் கண்ணாடி பாட்டில்ல வாங்கினதால. இப்ப பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் இந்தியன் ஸ்டோர்ல, ஆல்ஸ்பைஸ் மட்டும் இங்க, ஆப்பிளும் சைடரும் ஃபார்ம்லயோ சனிக்கிழமை சந்தையிலயோ. மசாலா ஒரு தடவை வாங்கினா முழுசா இருக்குறதால ரெண்டு சீசன் தாராளமா வரும், அப்புறம் ஒரு பௌலுக்கு 20 டாலருக்குள்ள முடிஞ்சிடுது. தேங்க்ஸ்கிவிங்னு இங்க குடும்பமா கூடிச் சாப்பிடுற பண்டிகை நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, அந்த வாரம் கடையில கூட்டமும் ஜாஸ்தி, பழுத்த பேரிக்காய் கண்ணுலயே படாது, அதனால முந்தின சனிக்கிழமையே வாங்கிடுங்க.

9. மிச்சமானா

பாகு கலந்த பழம் மறுநாளே தளர்ந்துடும், அத அப்படியே சட்டியில கொட்டி 10 நிமிஷம் வேகவச்சு மசிச்சா தோசைக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்க அருமையா இருக்கும், ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும். கலக்காத பாகு ஒரு வாரம் வரைக்கும் வச்சிருக்கேன், காலையில ஓட்ஸ்ல ஒரு ஸ்பூன், சாயங்காலம் சோடாவுல ரெண்டு ஸ்பூன். பால் டீல மட்டும் ஊத்தாதீங்க, எலுமிச்சை இருக்குறதால பால் திரிஞ்சிடும்.